வெள்ளிமுதுகு வண்டு

வண்டு செத்து ஒரு வாரமாகியிருந்தது. வலது சிறகுறை வழியே ஊசி நேராக இறங்கியிருந்தது. ஆனாலும் ஷிபானா பெட்டியைத் திறந்தபோது அந்துருண்டை வாசனைக்குப் பதிலாகக் கந்தக நெடி மூக்கில் ஏறியது. வண்டின் அடியில் இருந்த தாளில் ஈரமான கறை ஒன்று புதிதாகப் பரவியிருந்தது.

போன தீபாவளி சீசனில் நாரணாபுரத்தில் வெடித்த பட்டாசு ஷெட்டின் சுவரோரம் போன வாரம் அவள் பிடித்த வண்டு அது. முதுகு வெள்ளிபோல மின்னியது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத இனம்.

"வண்டுக்குப் பேர முடிவு பண்ணியாச்சும்மா," என்றார் அவளுடைய ஆய்வு வழிகாட்டி அய்யப்பன் சார். "அந்தப் பட்டாசுக் கம்பெனி முதலாளி பேரு. நமக்குப் புது லேப் கட்டித் தர்றாகள்ல?"

"நாந்தான புடிச்சேன் சார். மாரித்தாய் பேர வைக்கணும்."

"அது யாரு?"

"எங்கூடப் பத்தாவது படிச்சவ. அங்கன பட்டாசுக்குள்ள மருந்து செலுத்துறவ. வெடிச்சப்ப உள்ள இருந்தா."

"ஓ, எவன்கூடயோ ஓடிப்போச்சுன்னு கம்பெனில சொன்னாகளே, அவ பேரையா லத்தீன்ல எழுதச் சொல்ற?" சிரித்தார். "உள்ள ஆளே இல்லன்னு கேஸ முடிச்சிட்டாக. நீ என்ன பெரிய போலீஸா?"

ஓடிப்போனவளுக்கு ஏது கருமாதி என்று தெரு சொல்லிவிட்டது. மாரித்தாயின் அம்மா சோலையம்மாள் இன்னும் கம்பெனி வேன் வரும் நேரத்துக்கு வாசலில் வந்து நிற்கிறாள்.

மின்வெட்டு. விசிறி நின்றது. இனம் பிரிக்க வண்டின் வயிற்றைத் திறந்து பார்த்தாக வேண்டும். நுண்ணோக்கியின் கண்ணாடியை ஜன்னல் வெயிலுக்குத் திருப்பிவைத்துக் கீறினாள். உள்ளே மயிர் சுருண்டிருந்தது. இடுக்கியால் இழுத்தாள். வந்தது. இன்னும் வந்தது. வண்டைவிட நீளம். அவள் முழங்கையைவிட நீளம். தேங்காய் எண்ணெய் வாசனை.

"சார், இந்த வகை காஞ்ச தோலும் மயிரும்தான் திங்கும். அங்கன ஆள் செத்திருக்கு."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மயிரைப் பார்க்கக்கூட இல்லை. "ஒத்த வண்ட வச்சுப் புது இனம்னு சொன்னா எவன் ஒத்துக்குவான்? அதே எடத்துல இன்னும் புடிக்கணும். முதலாளிட்ட சாவி வாங்கிட்டேன். கெளம்பு."

ஷெட்டில் ஒரே ஒரு அறைதான் இடியாமல் நின்றது. தகரக் கதவில் புதுப் பூட்டு. வெளியே உச்சிவெயில். உள்ளே மழை பெய்வதுபோல் சத்தம்.

கதவைத் திறந்தார்.

சாம்பல் மேடுகள் என்று முதலில் நினைத்தாள். மேடுகள் வரிசையாக இருந்தன. அவற்றுக்குத் தோள் இருந்தது. மடி இருந்தது. மடியில் கைகள். கைகள் எதையோ அள்ளி எதற்குள்ளோ செலுத்திக்கொண்டிருந்தன.

எல்லாம் வண்டுகள்.

ஒருத்தி தலையை இடப்பக்கம் சாய்த்திருந்தாள். வகுப்பில் மாரித்தாய் அப்படித்தான் எழுதுவாள். அவள் ஒருத்தி மட்டுமில்லை. சுவர்வரைக்கும் இருந்தார்கள். கடைசி இரண்டு உருவங்கள் சின்னவை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அளவு.

"யாத்தே, எம்புட்டு!" அய்யப்பன் சாரின் குரலில் சந்தோஷம். "பாட்டில எடும்மா. எத்தன சாம்பிள் வேணும்னாலும் எடுக்கலாம்."

அவளிடமிருந்து பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார். முதல் உருவத்தின் தோளிலிருந்து ஒரு பிடி அள்ளினார்.

கைகள் நின்றன. வரிசை முழுக்க.

தலைகள் திரும்பின. முகமில்லை.

ஷிபானா அவரைக் கூப்பிட வாயைத் திறந்தாள். மூடினாள். கதவைச் சாத்தினாள்.

அலறல் வரவில்லை. மழைச் சத்தம் மட்டும். பலத்தது. தணிந்தது.

கதவிடுக்கில் கண்ணை வைத்தாள்.

சின்ன உருவங்களுக்குப் பக்கத்தில் பெரிதாக ஒன்று சம்மணமிட்டிருந்தது. வெள்ளியாக மின்னிய அதன் தலையில் மூக்குக்கண்ணாடி சரிந்து தொங்கியது. பக்கத்துச் சின்னக் கை ஒன்று நீண்டு அதன் விரல்களைப் பிடித்து, மருந்து செலுத்தும் விதத்தைப் பொறுமையாகக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.