பச்சையில் நின்ற வண்டி

தில்லைநகர் சந்திப்பில் வண்டியின் முன்கண்ணாடி மூலையிலிருந்த விளக்கு பச்சையாக எரிந்தது. பர்வீன் இடமும் வலமும் பார்த்தாள். பக்கத்தில் இருந்த ஓட்டுநர் தேர்வு அதிகாரி தணிகாசலம் உடனே ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தார்.

முன்னறி விளக்குகள் வந்தபின் சாலையைப் பார்ப்பதே தவறாகிவிட்டது. அடுத்த சில நொடிகளில் நடக்கப்போவதை அவை கண்டுவிடும். வண்டி மோதும் என்றால் அந்த வண்டிக்குச் சிவப்பு, மோதாது என்றால் பச்சை. இதுவரை ஒன்றுகூடப் பிசகியதில்லை. விளக்கை மட்டும் பார், அது சொன்னபடி போ. தேர்வின் ஒரே பாடம் அதுதான்.

சாலையைப் பார்த்ததாலேயே இரண்டு முறை தோற்றவள் பர்வீன். இம்முறை தேறினால்தான் ஆம்புலன்ஸ் ஓட்டும் வேலை. கண்ணை விளக்கிலேயே ஊன்றிக்கொண்டு போனாள்.

அடுத்த சந்திப்பிலும் பச்சை. அவளையும் மீறிப் பார்வை ஓரமாகப் போனது. நின்றிருந்த பேருந்தின் மறைவிலிருந்து ஒரு பலூன்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வந்தார். பிரேக்கை அழுத்தினாள். அவருக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது.

தணிகாசலம் விளக்கைச் சுட்டிக் காட்டினார். "பச்சைதானேம்மா எரியுது? விளக்கு ஒருநாளும் பொய் சொன்னதில்லையே."

பர்வீன் பச்சையையும் பலூன்காரரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சட்டென்று புரிந்தது.

"பொய் சொல்லல சார். வண்டி மோதலையே. நான் பார்த்து நிறுத்திடுவேன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. அதான் பச்சை."

ஊரில் ஆண்டுக்கு ஆண்டு சிவப்பு கூடிக்கொண்டே போவதற்குக் காரணம் தெரியாமல் போக்குவரத்துத் துறையே தவித்துக்கொண்டிருந்தது. ஓட்டுபவர்கள் சாலையைப் பார்ப்பதை விட்டதுதான் காரணம் என்று தணிகாசலத்துக்கு இப்போது பட்டது. இஷ்டம்போல் பார்த்து ஓட்டச் சொன்னார். அவள் ஓட்டினாள். பக்கத்து வண்டிகளெல்லாம் சிவப்பில் தேங்கி நிற்க, கடைவீதி முழுக்க இவளுக்கு மட்டும் பச்சை மேல் பச்சை. தணிகாசலம் சிறுபிள்ளைபோல் சிரித்தார். அங்கேயே அவள் தேறிவிட்டதாகச் சொல்லிவிட்டு, தானும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று இடம் மாறி உட்கார்ந்தார்.

சிவப்பு.

முன்னால் கடைக்காரர்கள் இரண்டு பேர் சாவகாசமாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். தணிகாசலம் அவசரமாகக் கழுத்தை இடமும் வலமும் திருப்பிவிட்டு மறுபடி விளக்கைப் பார்த்தார். அப்போதும் சிவப்பு. இன்னொரு முறை திருப்பினார். சிவப்பேதான்.

பர்வீன் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "நீங்க இன்னும் விளக்கைத்தான் பார்க்கிறீங்க சார்."