கணுக்கால் வரை சேறு

மூன்றாவது வரிசையில் நின்ற கொடிக்காரனுக்கு முழங்கால் வரை சேறு இருந்தது. அவர் கணுக்கால் வரைதான் பூசியிருந்தார்.

சுண்டுவிரல் உயரம்கூட இல்லாத ஒரு பொம்மைச் சிப்பாயின் காலில் அரிசி அளவு சேறு மேலேறியிருப்பதை வேறு யாராவது கவனித்திருப்பார்களா என்றால் மாட்டார்கள்தான். ஆனால் அவர் முப்பத்தோரு வருடம் பஸ் பணிமனையில் பெயிண்டராக இருந்தவர். துருவைச் சுரண்டி, பட்டி வைத்து, எமரித் தாளால் தேய்த்து, சாகக் கிடந்த பஸ்ஸை எல்லாம் மாப்பிள்ளைபோல் வெளியே அனுப்பியவர். ஓய்வு பெற்றதும் அதற்கு நேர்மாறான வேலை வந்து சேர்ந்தது. பளபளவென்று வருகிற புதுச் சிப்பாய்களுக்குத் துரு, சேறு, கீறல் எல்லாம் பூசி, பழசாக்கிக் கொடுக்க வேண்டும். "பண்ணின வேலையை எல்லாம் திருப்பிப் பண்றீங்க" என்று மனைவி சொன்னாள்.

இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தது அவளுடைய தம்பி. ஐம்பத்திரண்டு வயது, பேங்கில் கேஷியர். ஞாயிற்றுக்கிழமையானால் நாலு நண்பர்களோடு ஒரு பெரிய மேஜையைச் சுற்றி நின்று, பொம்மைப் படைகளை நிறுத்தி, ஸ்கேலால் அளந்து, தாயம் உருட்டிப் போர் புரிவான். இதுவரை எந்தப் போரிலும் ஜெயித்ததில்லை. பெயிண்ட் சரியில்லாததுதான் காரணம் என்று உறுதியாக நம்பினான். வருகிற ஞாயிறு பெரிய போட்டி. அதற்குள் இருபத்து நாலு சிப்பாய்கள் தயாராக வேண்டும்.

அவர் நேராக பிரஷ்ஷை எடுப்பவர் இல்லை. முதலில் நோட்டில் திட்டம். ஒவ்வொரு திட்டமும் ஒரே கேள்வியில் தொடங்கும்: இவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? அதற்குப் பதில் இல்லாமல் பூசினால் அது பழமை இல்லை, வெறும் அழுக்கு. இந்தப் படைக்கு எழுதியிருந்தார்: மூன்று நாள் மழையில் நடை. ஓர் ஓடையைக் கடந்தார்கள். ஆகவே கணுக்கால் வரை சேறு. துப்பாக்கி வார் உரசுவதால் வலது தோளில் தேய்மானம். கை படுகிற இடத்தில் எல்லாம் நிறம் போய், அடியில் பூசிய சாம்பல் பிரைமர் தெரிய வேண்டும். கடைசியாகச் சொன்னது பஸ் கற்றுக் கொடுத்த பாடம். எந்தப் பஸ்ஸிலும் முதலில் நிறம் போவது வாசல் கம்பியில்தான். ஆயிரம் கைகள் பிடிக்கும்.

மனைவி பக்கத்து அறையில் படுத்திருந்தாள். முழங்கால் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். யாராவது பிடிக்காமல் எழ முடியாது. அவள் கூப்பிட்டால் "தோ வந்துட்டேன்" என்பார். வருவதற்கு ஒன்றரைக் கோட் பெயிண்ட் காயும் நேரம் ஆகும். அவள் நேரத்தைக் கோட் கணக்கில்தான் அளந்தாள்.

திங்கட்கிழமை பொழுது போகாமல் நோட்டை வாங்கிப் படித்தாள்.

"எங்கேருந்து வர்றாங்கன்னு ஒரு பக்கம் எழுதியிருக்கீங்க. எங்க போறாங்கன்னு காணோமே?"

"அது எதுக்கும்மா? போற ஊர்ச் சேறு இன்னும் ஒட்டலையே."

"எழுதுங்க. என் ரூமுக்குப் போறாங்கன்னு எழுதுங்க. நீங்கதான் வரமாட்டேங்கறீங்க. அவங்களாவது வந்து காலைப் பிடிச்சு விடட்டும்."

அவருக்கும் குறும்பு. அவள் கண்ணெதிரே எழுதினார். செல்லுமிடம்: பக்கத்து அறை. பணி: கால் பிடித்து விடுவது. கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்தார். இருவரும் சிரித்தார்கள். அந்த மாதத்தில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

செவ்வாய்க்கிழமை கொடிக்காரன் காலில் சேறு ஏறியிருந்தது.

நீர்த்த பெயிண்ட் கீழே வழியும். மேலே வழிந்து அவர் பார்த்ததில்லை. தின்னரில் நனைத்த துணியால் துடைத்தார். போகவில்லை. முகர்ந்து பார்த்தார். பெயிண்ட் வாசனை இல்லை. மழை விட்ட பிறகு மண்ணிலிருந்து கிளம்புமே, அந்த வாசனை. கண்ணாடி பவரை மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தார். மூக்குக்குக் கண்ணாடி போடுவதில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

புதன்கிழமை காலையிலிருந்து மழை நசநசத்தது. இருபத்து நாலு பேருக்கும் முழங்கால் வரை சேறு. ஒருவனைத் தலைகீழாகத் திருப்பினார். அவன் நிற்கும் வட்டத் தட்டின் அடிப்பக்கம் தேய்ந்து உலோகம் மின்னியது, நெடுந்தூரம் போய்வந்த செருப்பைப்போல. மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவருக்கு, மழைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. முறத்தில் அரிசியைப் புடைப்பதுபோல, ஆனால் ஒரே தாளத்தில், நின்று நின்று, தரையோடு தரையாக, இங்கிருந்து அங்கே. விழித்துப் பார்த்தபோது எல்லாரும் மேஜைமேல் வரிசையாக நின்றார்கள். வரிசை கொஞ்சம் அதிகமாகவே நேராக இருந்தது.

சாயங்காலம் தரையைத் துடைக்கும்போது கதவு நிலையைப் பார்த்தார். இரண்டு அறைக்கும் நடுவே இருந்த நிலை. போன வருடம் அவரே சந்தன நிறம் அடித்தது. தரையிலிருந்து ஒரு விரல் உயரத்தில், ஒரே ஓர் இடத்தில் நிறம் போய் பிரைமர் தெரிந்தது. விளக்குமாறு இடித்தால் பெயிண்ட் பெயரும், இப்படி வழவழப்பாகாது. இது கை பட்டுத் தேய்ந்த தேய்மானம். திரும்பும்போது ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டு திரும்பிய இடம். பஸ் கம்பியில் இதற்குப் பத்து வருடம் ஆகும்.

வியாழக்கிழமை விடிந்ததும் எல்லாரையும் பிஸ்கட் டின்னில் அடுக்கி, மூடி, மேலே இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தார். நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் எரித்தார். பிறகு மச்சானுக்குப் போன் செய்தார்.

"மச்சான், பொம்மைங்களை இன்னிக்கே எடுத்துட்டுப் போயிடு."

"முடிஞ்சிருச்சா மாமா? நெஜமாவே நடந்து வந்த மாதிரி இருக்கணும், ஞாபகம் இருக்குல்ல?"

"நடந்துதான் வந்திருக்காங்க."

"சூப்பர் மாமா! ஆறு மணிக்கு வர்றேன்."

மணி மூன்றரை. டின் அசையவில்லை. வீடு அமைதியாக இருந்தது. அவரால்தான் உட்கார முடியவில்லை. எழுந்தார், ஜன்னலைச் சாத்தினார், திறந்தார், பிரஷ்களை உயரவாரியாக அடுக்கினார், கலைத்தார். கடைசியில், கூப்பிடாமலே மனைவியின் அறைக்குப் போய்க் கட்டில் ஓரமாக உட்கார்ந்தார்.

அவள் கண் திறக்காமல் சிரித்தாள். "இன்னிக்கும் வந்துட்டீங்களா?"

"இன்னிக்குமா?"

"நேத்து மத்தியானம் வந்தீங்க, முந்தாநாள் வந்தீங்க. தூங்கறேன்னு நெனச்சு சத்தமில்லாம கால் பிடிச்சு விட்டுட்டுப் போறீங்க. எனக்குத் தெரியாதாக்கும். நல்லாத்தான் இருந்துச்சு. கைதான் ஐஸ் மாதிரி." கொஞ்சம் யோசித்தாள். "அது சரி, உங்களுக்கு மொத்தம் எத்தனை கைங்க?"

அவர் போர்வையை முழங்கால் வரை விலக்கினார்.

தையல் ஆறியிருந்தது. அதைச் சுற்றி, கெண்டைக்காலில், கணுக்காலில், கடுகு கடுகாகப் புள்ளிகள். புண் இல்லை. ரத்தம் இல்லை. அந்த இடங்களில் தோலின் நிறம் போயிருந்தது. அவ்வளவுதான். அடியில் சாம்பல். மங்கலான, மழமழவென்ற, ஒரே சீரான சாம்பல். நகத்தால் தொட்டார். கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வார்.

பிரைமர்.

"என்னங்க பார்க்கறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. கண்ணை மூடிக்க."

அவருக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். எழுந்து மேஜைக்கு ஓடினார். டின்மேல் இஸ்திரிப் பெட்டி வைத்தது வைத்தபடி. பெட்டியை இறக்கி வைத்து, டின்னை விரலால் நெட்டினார். காலி டின்போல வழுக்கிக்கொண்டு போனது. மூடியைத் திறக்கவில்லை. பிரஷ்ஷும் பெயிண்ட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினார்.

பழுப்பு. கொஞ்சம் மஞ்சள். ஒரு பொட்டு சிவப்பு. பொருந்தவில்லை. இன்னும் மஞ்சள். பொருந்தவில்லை. முப்பத்து நாலு வருடம் கூட இருந்தவளின் நிறத்தை இப்போதுதான் உற்றுப் பார்க்கிறார். மூன்றாவது கலவை பொருந்தியது. முதல் புள்ளியை மூடினார். இரண்டாவது. மூன்றாவது. ஒன்றை மூடினால் அதற்கு மேலே ஒன்று திறந்தது. அதை மூடினார். அதற்கு மேலே.

மழை நின்றிருந்தது. அறையில் மண் வாசனை.

"இப்பதான் சரியான எடம்" என்றாள் அவள், பாதித் தூக்கத்தில். "இன்னும் கொஞ்சம் மேல புடிங்க."

அவருடைய வலது கையில் பிரஷ் இருந்தது. இடது கையில் பெயிண்ட் மூடி.

"இன்னும் மேல. இடுப்புகிட்ட. ஆங், அங்கதான்."

அவள் தொடைமேல் கிடந்த போர்வை அசைந்தது. சிறுசிறு மேடுகள், மூன்று வரிசை. வரிசைக்கு எட்டு. நின்று நின்று, ஒரே தாளத்தில், மேலே போய்க்கொண்டிருந்தன. மூன்றாவது வரிசையில் ஓர் இடத்தில் மட்டும் துணி ஊசிபோல நிமிர்ந்து நின்றது, உள்ளே யாரோ கொடி பிடித்திருப்பதுபோல.