கடைசி அசையின் மேல் ஒரு கோடு

விசைப்பலகையில் அழுத்தக்குறியின் விசை மட்டும் சூடாக இருந்தது.

ஆகஸ்ட் மாதத்துப் பிற்பகல் மூன்று மணி. கிரேக்க நாட்டின் வோலோஸ் நகரமே சன்னல்களை அடைத்துக்கொண்டு உறங்கும் வேளை. மருந்துக்கடையைச் சாத்திவிட்டு வந்த மெனெலாஸ், மரச்சட்டங்களின் இடுக்கு வழியே வெயில் கீற்றுக்கீற்றாய் விழுந்த மேசையில், துறைமுகத்து உப்பு வாடையும் எவர் வீட்டிலோ வதங்கிய கத்தரிக்காயின் மணமும் சேர்ந்து கனத்த காற்றில், ஒரே கடிதத்தை நான்காம் முறையாகத் தொடங்கினார்.

கடிதம் ஃபொதினிக்கு. மேல்மாடியில் ஒன்பது நாள்களுக்கு முன் நெஞ்சுவலியில் இறந்துபோன எவ்தொக்ஸியாவின் அண்ணன் மகள் அவள். காலையில் கடைக்கே வந்துவிட்டாள்.

"மாத்திரை தீந்துபோச்சு, கொண்டு வர்றியான்னு அத்தை மெசேஜ்ல கேட்டிருக்காங்க. நீங்க ஒரே வார்த்தை அனுப்பியிருக்கீங்க. 'ஒருபோதும் இல்லை'ன்னு."

"'எப்போ'ன்னுதாம்மா கேட்டேன்! கோடு இடம் மாறிப்போச்சு."

"அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அஞ்சு மணிக்கு வர்றேன். இல்லேன்னா போலீசுக்குப் போறேன்."

அவர்கள் மொழியில் இரண்டு சொல்லுக்கும் அதே நான்கு எழுத்துகள்தாம். அழுத்தக்குறியான சிறு கோடு முதல் அசைமேல் நின்றால் 'எப்போது'. கடைசி அசைமேல் நின்றால் 'ஒருபோதும் இல்லை'. யாருக்கும் நேரக்கூடிய பிழை. ஆனால் எவ்தொக்ஸியா முப்பதாண்டுகள் அச்சகத்தில் பிழை திருத்தியவர். எழுதியதை எழுதியபடியே நம்புகிறவர், மறுமுறை கேட்கமாட்டார்.

மெனெலாஸின் நாவலையும் அவர்தாம் படித்துப் பார்த்தார். வசந்தத்தில், காபிக்கடையில், எல்லோர் முன்னிலையிலும் திருப்பிக் கொடுத்தார்.

"மெனெலாஸ், சாலட்டுக்கு உப்புத் தூவுற மாதிரி காற்புள்ளி தூவியிருக்க. ஆச்சரியக்குறிய எண்ணி மாளல. கதையத்தான் போட மறந்துட்ட!"

கடையே சிரித்தது.

மெனெலாஸ் தட்டினார்: 'நான் எப்போது என்றுதான் கேட்டேன்.' கோடு முதல் அசைமேல் சரியாக நின்றது. பிறகு, எறும்பு ஊர்வதுபோல், எழுத்துகளின் தலைமேல் நகர்ந்து கடைசி அசையில் போய் அமர்ந்தது.

அழித்தார். மீண்டும் தட்டினார். நகர்ந்தது.

மேல்மாடியில் நாற்காலி ஒன்று இழுபடும் ஓசை. அந்த வீட்டின் சாவி ஃபொதினியிடம் இருந்தது. அவளோ ஐந்து மணிக்குத்தான் வருவாள்.

பென்சில் சீவிய மரவாசனை, மெல்ல, கூரையிலிருந்து இறங்கியது.

மூன்றாம் முறை 'தவறுதலாக' என்று தட்டினார். திரையில் 'வேண்டுமென்றே' என்று வந்தது.

அழித்தார். வேண்டுமென்றே.

கணினியை அணைத்தார். திரை இருண்டது. சொல் மட்டும் எரிந்தது.

ஆம். அன்று விரல் இடறவில்லை. கோட்டைத் தேடிப் போய், நிதானமாக, கடைசி அசைமேல் வைத்தது. அனுப்பிவிட்டு ஒருமுறை படித்தும் பார்த்தார்.

இருண்ட திரையில், கடிதத்தின் அடியில் அவர் பெயர் தோன்றியது. அதன்மேல் சிவப்புக் கோடு ஒன்று இழுபட்டது. முடிவில் ஒரு சிறு சுழி. நீக்குக, இடைவெளியை மூடுக என்று பிழை திருத்துபவர்கள் அச்சுக்கோப்பவர்களுக்கு இடும் குறி.

பெயர் இல்லை.

அழுத்தக்குறி விசைமேல் இருந்த சுட்டுவிரலை எடுக்க முயன்றார். சூடான விசை விடவில்லை. நகத்தருகே ஒரு சிவப்பு. கோடு. சுழி.

வலியே இல்லை. கை சட்டென விடுபட்டது. வெயில் கீற்றில் தூக்கிப் பார்த்தார். காயமில்லை. இரத்தமில்லை. கட்டைவிரலை அடுத்து நடுவிரல், இடையில் எதுவும் என்றுமே இல்லாததுபோல், ஒழுங்காக நெருங்கி நின்றது.

மேலே பென்சில் மீண்டும் சீவப்பட்டது.

மணிக்கட்டில் கோடு தொடங்கியது.