கோர்வாடி ராணியின் கதிரை

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், அந்தக் கல்வீட்டின் முன்னால் எங்கள் வான் வண்டியை நிறுத்தியபோது வெயில் நன்றாக எறித்துக்கொண்டிருந்தது. பேய் வீட்டுக்குரிய ஒரு லட்சணமும் அதற்கு இல்லை. பழைய வீடுகளின் சாமான்களை ஒழித்துக் கொடுப்பது என் கணவர் பிரசாந்தின் தொழில். அன்று பிள்ளைகளைப் பார்க்கும் கார்டெரி பூட்டு. ஆகவே மூன்று வயது மகன் தனுஜனையும் இழுத்துக்கொண்டு நானும் போயிருந்தேன்.

கதவைத் திறந்த வெள்ளைக்காரக் கிழவி வணக்கமாய் ஒரு போன்ஜூர்கூடச் சொல்லவில்லை. அவள் பார்வை நேரே என் பிள்ளையில் விழுந்தது.

"ஒரே பிள்ளையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

பிரசாந் தலையாட்டினார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பின்னறையில் அந்தக் கதிரை இருந்தது. தாழ்ந்த, அகன்ற கருமரக் கதிரை. சாயம் போன சிவப்புப் பட்டு மெத்தை. கோர்வாடி என்ற சின்ன மராட்டிய சமஸ்தானத்தின் அரியணையாம். ராஜா வாரிசில்லாமல் இறந்ததும், கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரியாக இருந்த கிழவியின் பாட்டனுக்குப் பாட்டன் நாட்டைப் பறித்து, கஜானாவுக்கு முத்திரை வைத்து, ராணி இருந்த கதிரையையும் கப்பலில் ஏற்றிவிட்டாராம். களவெடுத்ததை என்ன பெருமையாகச் சொல்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காசு வேண்டாம். இன்றைக்கே கொண்டுபோங்கள்" என்றாள்.

சும்மா வருவதை என் மனுசன் விடுவாரா? தூக்குவதற்கு முன் மெத்தையில் கை வைத்துப் பார்த்தேன். இப்போதுதான் யாரோ எழும்பிப் போனதுபோல் இளஞ்சூடாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

அந்த அறையில் யன்னல் இல்லை.

அடுத்த ஞாயிறு தனுஜனுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்தவேண்டும். என் அண்ணனுக்கோ இந்த முறையும் விசா மறுத்துவிட்டார்கள். ஆத்திரத்தில் அழுதுகொண்டிருந்தேன்.

"மாமன் இல்லாட்டி என்ன? ராசாக் கதிரை இருக்கு. அதில இருத்திக் குத்துவம்" என்றார் பிரசாந்.

"மடிக்குக் கதிரை ஈடே? உங்களுக்கென்ன விசரே?"

"அப்ப உன்ரை கொண்ணைக்கு ஒரு பிளேன் அனுப்பு."

வந்த சனத்துக்கு முன்னால் சண்டை எதற்கென்று நானும் இணங்கினேன். இருவருமாகப் பிள்ளையைத் தூக்கி அந்தக் கதிரையில் வைத்தோம். நகைக்கடை அல்பேட் அண்ணை இரண்டு காதுச் சோணையிலும் குத்தினார். பிள்ளை அழவேயில்லை. அவன் வாயில் ஒரு சிட்டிகை சீனி போட்டேன்.

சந்தனமும் ஈரத்துணியும் கலந்த மணம் எழுந்தது. நெடுங்காலம் அடக்கிய மூச்சை யாரோ விட்டார்கள்.

தனுஜன் பின்னால் சாய்ந்தான். அவன் முதுகு கதிரையின் சாய்மணைக்கு எட்டவில்லை. இடையில் ஒரு முழம் வெறுமை.

அந்த வெறுமையில் அவன் சாய்ந்திருந்தான்.

அன்றிலிருந்து பிள்ளை என்னை அம்மா என்று கூப்பிடவில்லை.

"நிரோஜா, தண்ணி" என்று என்னைப் பேர்சொல்லிக் கூப்பிட்டான். வேலைக்காரியை ஏவுகிற குரல். தூக்கப் போனால் கடித்தான். கதிரையை விட்டு இறங்க மறுத்தான். அதைக் கொத்திப் போடுகிறேன் என்று பிரசாந் கோடரியை ஓங்கியதும் பிள்ளையின் மூக்கால் இரத்தம் வழிந்தது.

கிழவியிடம் ஓடினேன்.

"என்ரை பிள்ளைக்கு என்னடி செய்தனி?" என்று தமிழிலேயே கத்தினேன். பிறகுதான் ஆங்கிலம் வந்தது. நடந்ததைச் சொன்னேன்.

"வாயில் இனிப்பும் வைத்தீர்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். "ராணி அப்படித்தான் ஒரு பையனைத் தத்தெடுத்தாள். மடியில் இருத்தி, வாயில் சர்க்கரை வைத்து, வலது மேல்காதில் முத்து வளையம் போட்டாள். தத்து செல்லாது என்று என் முன்னோர் அவனை இழுத்தெடுத்துவிட்டார். அவள் அந்தக் கதிரையிலேயே பட்டினி கிடந்து செத்தாள்."

"அதுக்கு என்ரை பிள்ளை என்ன செய்தவன்?"

"என் தம்பி விளையாட்டாக அதில் ஏறினான். அடுத்த கிழமை அவனை அடக்கம் செய்தோம். பறித்த பிள்ளையோ தானாக ஏறிய பிள்ளையோ அவளுக்கு வேண்டாம். பெற்றவர்கள் கொடுக்கவேண்டும். ஒரு பிள்ளை கிடைத்தால் எங்கள் குடும்பத்தை விட்டுவிடுவாள்."

"நாங்கள் குடுக்கேல்லை!"

"யார் தூக்கி வைத்தது?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

வீட்டில் பிரசாந் மூலையில் குந்தி அழுதுகொண்டிருந்தார். தனுஜன் கதிரையில் உறங்கினான். எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் கூட.

"நான் பெத்த பிள்ளையடி! விடடி!" என்று அந்த வெறுமையைப் பார்த்துக் கத்திக்கொண்டு அவனை இழுத்தேன்.

யாரோ மறுபக்கம் இழுத்தார்கள்.

சட்டென்று பிடி விட்டது. பிள்ளை என் தோளில் வந்து விழுந்தான்.

"அம்மா" என்றான்.

எத்தனை நாளைக்குப் பிறகு! நெஞ்சு குளிர்ந்துபோனது. அவனை இறுக்கி அணைத்துக் கொஞ்சினேன். என் கன்னத்தில் ஏதோ குளிராகப் பட்டது.

அவனுடைய வலது மேல்காதில் முத்துக் கோத்த வளையம். குத்திய காயம் எப்போதோ ஆறியிருந்தது.

பிள்ளையின் கைகள் என் கழுத்தில் இல்லை. என் தோளுக்கு மேலால் கதிரையை நோக்கி நீண்டிருந்தன.

"அம்மா" என்றான் மறுபடியும்.

எனக்குப் பின்னால் கதிரை கிறீச்சிட்டது. அதில் இருந்த பாரம் எழும்பியது.