பிழை எண் பதினேழு

காலையில் எழுந்ததும் மருதாசலம் முதலில் பார்ப்பது கணினித் திரையைத்தான். நேற்று வந்தவை நாற்பத்திரண்டு கணக்குத் துண்டுகள். முடிந்தவை முப்பத்தெட்டு. மீதி நான்குக்கும் எதிரே சிவப்பு எழுத்தில் "பிழை 17: பணி ஏற்கப்படவில்லை" என்றிருந்தது. மூன்று வாரமாக இதே கதை.

ஊர்க்கணி என்ற திட்டம் வந்த பிறகு மருந்து என்பது அளவெடுத்துத் தைக்கும் சட்டை மாதிரி ஆகிவிட்டது. தீராத நோய் வந்தவரின் உடற்கூற்றை அளந்து, அவர் ஒருவருக்கே பொருந்தும் தனிமருந்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பார்கள். ஓர் ஆளுக்குப் பல லட்சம் கணக்குகள். எந்த அரசாங்கத்திடமும் அதற்குப் போதுமான கணினி கிடையாது. ஆகவே கணக்கைத் துண்டு துண்டாக நறுக்கி, விருப்பமுள்ளவர்களின் வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்காரர் சமைத்தாலும் தூங்கினாலும் அது தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். யாருடைய துண்டு யார் வீட்டில் ஓடுகிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. துண்டில் பெயரும் இராது, ஊரும் இராது.

மருதாசலம் கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் சோதனைப் பிரிவில் முப்பது வருடமாக இருக்கிறார். கெட்டுப்போன மோட்டார் தட்டியதும் ஓடிவிட்டால் மற்றவர்களுக்குச் சந்தோஷம், அவருக்குச் சந்தேகம். ஏன் கெட்டது என்று தெரியாமல் அதை வெளியே விடமாட்டார். அப்படிப்பட்டவர் வீட்டிலேயே தினமும் நான்கு துண்டு தோற்றால் எப்படி இருக்கும்? எங்கோ ஒருவருடைய மருந்து நம்மால் தள்ளிப்போகிறது என்ற நினைப்பு அவரைச் சாப்பிட விடவில்லை.

நினைவட்டையை மாற்றினார். மின்பெட்டியை மாற்றினார். வெயில் படாத மூலைக்குக் கணினியை நகர்த்தினார். பதினேழு போகவில்லை. வேறு வழியின்றி, பங்களிப்பாளர்கள் கூடும் இணைய உதவி மன்றத்தில் எல்லா விவரமும் எழுதிக் கேட்டார். மன்றத்துக்கே மூத்தவரான திருவாரூர் நாகலிங்கத்திடமிருந்து பதில் வந்தது.

"விசிறியில் தூசி இருக்கும். துடைத்துப் பாருங்கள். அவசரமில்லை. வீட்டில் எல்லாரும் சௌக்கியமா?"

இன்னும் நான்கு பேர் அதையே வழிமொழிந்திருந்தார்கள். மருதாசலத்துக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"துண்டு பூஜ்ய விநாடியில தோக்குது, வசந்தா. விசிறி சுத்தறதுக்கு முன்னாலயே. இந்த ஆளு தூசியத் தொடைங்கறான். கம்ப்யூட்டரப் பத்திக் கேட்டா வீட்டப் பத்தி விசாரிக்கறான்."

"அதைய விட்டுத் தொலைங்களேன். முப்பத்தெட்டு ஓடுதில்லீங்க," என்றாள் அவர் மனைவி வசந்தாமணி.

"நாலு ஓடலையே."

"இந்த ஊறுகா பாட்டலைக் கொஞ்சம் தொறந்து குடுங்க."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே திறந்து கொடுத்தார். அந்த மாதத்தில் அவர் திறந்து கொடுத்த எத்தனையாவது மூடி அது என்று யோசிக்கவில்லை.

கோபம் இருந்தாலும் விசிறியைத் துடைக்கத்தான் செய்தார். அதற்கென்றே ஊர்க்கணி இயக்ககம் புதிதாகச் சேர்கிறவர்களுக்கெல்லாம் ஒரு தூரிகையை இலவசமாக அனுப்பி வைக்கும். மன்றத்தில் அதிகம் பேசப்படும் கோளாறு தூசிதான் என்று அவர்களுடைய ஆண்டறிக்கையே சொல்கிறது. மறுநாள் ஐந்து துண்டு தோற்றது.

நான்காம் வாரம் மருதாசலம் பம்ப்செட் வைத்தியத்தில் இறங்கினார். பழுது மோட்டாரிலா, லைனிலா என்று தெரியவேண்டுமானால் மோட்டாரைக் கழற்றி வேறு லைனில் மாட்டிப் பார்க்கவேண்டும். கணினியை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிக்கொண்டு, சிங்காநல்லூரில் இருக்கும் கம்பெனி நண்பர் ஆரோக்கியராஜ் வீட்டுக்குப் போனார். ஆரோக்கியராஜும் பங்களிப்பாளர்தான். அவர் பெயரில் ஐந்து நாள் ஓட்டினார்கள். ஒரு துண்டுகூடத் தோற்கவில்லை. அதேசமயம் ஆரோக்கியராஜின் பழைய கணினியைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து தன் பெயரில் ஓட்டினார். முதல் நாளே மூன்று பதினேழு. ஐந்து நாள் கழித்துக் கணினிகளைத் திரும்ப மாற்றிக்கொண்டார்கள்.

ஆக, பழுது பெட்டியில் இல்லை. வீட்டில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை, சேரும்போது எல்லோரும் படிக்காமலே சம்மதம் சொல்லும் விதித்தொகுப்பைத் திறந்து உட்கார்ந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். தொண்ணூற்று நான்காம் விதியில் நின்றார். 'ஆசையினாலோ அவசரத்தினாலோ எவரும் கணக்கில் கைவைக்கக்கூடாது என்பதால், ஒரு நோயாளியின் துண்டுகளை அவருடைய குடும்ப அட்டையில் உள்ள எவர் பெயரிலும் கணிக்க இயலாது. அத்தகைய துண்டு தொடங்குமுன் திருப்பப்படும்.'

இரண்டு முறை படித்தார். அட்டையில் இருப்பவை இரண்டு பெயர்கள். மகள் கல்யாணமாகிப் பெங்களூர் அட்டைக்குப் போய்விட்டாள். தனக்குப் போன மாதம்தான் கம்பெனியில் முழு உடல் பரிசோதனை செய்து, ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

சமையலறை வாசலில் போய் நின்றார். வசந்தாமணி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கட்டை விரலும் நடு விரலும் வேலை செய்தன. ஆள்காட்டி விரல் சும்மா நீட்டிக்கொண்டிருந்தது.

"எப்ப இருந்து?" என்றார்.

எது என்று அவள் கேட்கவில்லை. "ஆடியில இருந்துங்க. நரம்பு வியாதியாம். பெரியாஸ்பத்திரில பதிஞ்சிருக்கறேன். மருந்துக் கணக்கு ஓடிட்டிருக்குதாம். இன்னும் ஆறு மாசம் ஆகுமுன்னாங்க."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னா என்னையும் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்துக்குவீங்க." சிரிக்கப் பார்த்தாள். "உங்களால சரிபண்ண முடியாத ஒண்ணை உங்க முன்னால கொண்டாந்து வைக்க மனசு வரலீங்க."

மருதாசலத்துக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. ஒரு மாதமாக இந்த வீட்டில் எது பழுது என்று தேடியவர், திறந்து கொடுத்த மூடிகளைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த கிழங்கை வாங்கி உரிக்க ஆரம்பித்தார்.

மறுநாள் கணினியை மறுபடியும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு சிங்காநல்லூருக்குப் போனார்.

"இது உங்க வீட்லயே, உங்க பேர்லயே ஓடட்டுங்க," என்றார்.

"எத்தனை நாளைக்குங்க?" என்றார் ஆரோக்கியராஜ்.

"ஆறு மாசம்."

ஆரோக்கியராஜ் பிளக்கை மாட்டினார். துண்டுகள் வரிசையாக ஓடின. அதில் வசந்தாமணியுடையது எது, ஒன்றாவது உண்டா என்று யாராலும் சொல்ல முடியாது. மருதாசலம் ஒவ்வொன்றையும் அவளுடையதாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பியதும் கைபேசியில் மன்றத்தைத் திறந்தார். பழைய கேள்விகளில் பதினேழு என்று தேடினார். நூற்றுக்கணக்கில் வந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: விசிறி, தூசி, அவசரமில்லை, சௌக்கியமா. சில வாரத்தில் கேட்டவர் கேட்பதை நிறுத்தியிருந்தார். பிறகு அவரே, வேறு யாரோ கேட்டபோது, தூசி என்று எழுதியிருந்தார். உண்மையை ஒருவர்கூட எழுதவில்லை. இயக்ககம் இதையெல்லாம் எண்ணிப் பார்த்துத்தான் தூரிகை அனுப்புகிறது.

ஆகப் பழைய கேள்வி ஒன்பது வருடத்துக்கு முந்தையது. திருவாரூர் நாகலிங்கம் கேட்டது. "பிழை 17 வருகிறது. என்ன செய்வது?" அதற்கு யாரும் பதில் எழுதியிருக்கவில்லை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதிதாக ஒரு கேள்வி வந்து விழுந்தது. ஓசூரிலிருந்து ஹேமலதா என்பவர். "எங்கள் வீட்டில் ஒரு வாரமாகத் தினமும் இரண்டு துண்டு பிழை 17. தொடங்குமுன்பே தோற்கிறது. எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. உண்மையான காரணம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்."

மருதாசலம் 'தொண்ணூற்று நான்காம் விதியைப் படியுங்கள்' என்று எழுதினார். அந்த வீட்டு அட்டையில் எத்தனை பெயர் இருக்கும், அதில் யார் இன்னும் வாய் திறக்காமல் இருப்பார்கள் என்று நினைத்தார். எழுதியதை அழித்தார்.

"விசிறியில் தூசி இருக்கும். துடைத்துப் பாருங்கள். அவசரமில்லை," என்று எழுதினார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு இன்னொரு வரி சேர்த்து அனுப்பினார்.

"வீட்டில் எல்லாரும் சௌக்கியமா?"