யார் வாழ்க?

மெக்சிகோவில் புரட்சி நடந்த அந்த வருடங்களில் எங்கள் டுராங்கோ மலைப்பக்கம் குதிரைக்காரர்கள் வந்தால் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

“யார் வாழ்க?”

கேட்க நல்ல கேள்விதான். பதிலுக்கு ஒரு ஜெனரலின் பெயரைச் சொல்ல வேண்டும். அவர்களுடைய ஜெனரலாக இருந்தால் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். வேறு ஜெனரலாக இருந்தால் சுட்டுவிடுவார்கள்.

ஆரம்பத்தில் எங்களுக்குப் பயமே இல்லை. மெக்சிகோ முழுவதும் ஆயிரம் ஜெனரல்கள் இருக்கட்டும், எங்களுக்கு ஒரே ஜெனரல் லாசரோ ஓர்தாஸ்தான். அவர் கோவேறு கழுதைகளில் உப்பு மூட்டை ஏற்றி வந்தவர். பண்ணையார் ஒருநாள் அவரைச் சவுக்கால் அடித்தார். அன்று மாலையே ஓர்தாஸ் தன் கூட்டாளிகளோடு பண்ணை லாயத்தைத் திறந்து குதிரைகளை ஓட்டிக்கொண்டு போனார். அவர்களுக்குச் சீருடை இல்லை, சம்பளம் இல்லை. பனையோலைத் தொப்பி மட்டும் இருந்தது.

ஒரே வருடத்தில் அவர் பின்னால் நானூறு குதிரைகள் ஓடின. ஒருமுறை குதிரை வால்களில் முள்மரக் கிளைகளைக் கட்டிப் புழுதி கிளப்பினார். பெரிய படை வருகிறது என்று நினைத்து அரசாங்கக் கர்னல் ஒற்றைக் காலணியோடு ரயிலேறி ஓடிப்போனார். ஓர்தாஸ் பண்ணைக் களஞ்சியத்தை உடைத்து எங்களுக்குச் சோளம் அளந்து கொடுத்தார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் விளையாடும்போது எல்லோருக்கும் ஓர்தாஸ் ஆகத்தான் ஆசை. எதிரியாக இருக்க ஆளே கிடைக்காது. ஆட்டைப் பிடித்துக் கர்னலாக நிற்க வைப்போம்.

பிறகு ஜெனரல்களுக்குள்ளேயே சண்டை வந்தது. ஓர்தாஸோடு லாயத்தைத் திறந்த கல்வான் இப்போது அவருக்கே எதிரி. இரண்டு பக்கமும் அதே தொப்பி. குதிரைகளின் தொடையிலும் அதே பண்ணையின் சூட்டுக்குறி. வருவது யார் என்று எப்படித் தெரியும்?

எங்கள் ஊர்ச் சிறுமி சாபினாவின் அப்பா புரூடென்சியோவுக்கும் தெரியவில்லை. ஒருநாள் காலை கல்வான் ஆட்களிடம் “ஓர்தாஸ் வாழ்க!” என்று சொல்லிவிட்டார். அவரைப் புதைக்கும்போது சாபினாவுக்கு வயது பத்து.

அடுத்த கோடையில் ஒரு செய்தி வந்தது. ஓர்தாஸ் எப்போதும்போல் குதிரைகளோடு நேராகப் பாய்ந்திருக்கிறார். எதிரே முள்கம்பி வேலி. அதன் பின்னால் இயந்திரத் துப்பாக்கி. நானூறு குதிரைகளில் பிழைத்தவை மிகக் கொஞ்சம் என்றார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நண்பகலில் சாபினா ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன் சென்தே சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். சிறுவயதில் வந்த காய்ச்சலில் அவனுக்குக் காது போய்விட்டது. இருவரும் கையாலேயே பேசிக்கொள்வார்கள், கையாலேயே சண்டை போடுவார்கள்.

குதிரைகள் வந்தன. இருபது இருக்கும். ஆட்களின் முகமெல்லாம் புழுதி.

“டேய்! யார் வாழ்க?” கையில் கட்டுப் போட்ட ஒருவன் சென்தேயின் முதுகைப் பார்த்துக் கத்தினான்.

சென்தே திரும்பவில்லை.

“திமிரைப் பாரு! பதில் சொல்ல மாட்டியாடா?”

அவர்கள் சுற்றி வளைத்த பிறகுதான் சென்தே நிமிர்ந்தான். துப்பாக்கிகளைப் பார்த்தும், வெளியூர் ஆட்களைப் பார்த்தால் சிரிப்பதுபோலவே சிரித்தான். அது அவர்களுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. அவனை இழுத்துப் பாறையோரம் நிறுத்தினார்கள்.

சாபினா ஈரத் துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். “ஐயா, சுடாதீங்க! அவனுக்குக் காது கேக்காது!”

“இப்பல்லாம் எல்லாருமே செவிடுதான்” என்றான் கட்டுப் போட்டவன். “போன ஊர்லயும் ஒரு செவிடன் இருந்தான். அவன்தான் எங்களைக் காட்டிக் குடுத்தான். சரி, நீ சொல்லு. யார் வாழ்க?”

சாபினா தொப்பிகளைப் பார்த்தாள். குதிரைகளைப் பார்த்தாள். எதுவும் பிடிபடவில்லை. ஓர்தாஸா, கல்வானா? தவறாகச் சொன்னால் அப்பா போனதுபோல் அண்ணனும் போய்விடுவான். பாறையோரம் சென்தே இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

“சென்தே வாழ்க!” என்று கத்தினாள்.

குதிரைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சென்தேயா? அது எவன்? புதுசா ஒரு ஜெனரல் கிளம்பிட்டானா?”

“இருக்கும்டா. வாரத்துக்கு ஒருத்தன் கிளம்புறானே.”

கட்டுப் போட்டவன் குனிந்து கேட்டான். “உங்க ஜெனரல்கிட்ட எத்தனை குதிரை இருக்கு?”

“குதிரை இல்லீங்க. ஆடுதான் இருக்கு.”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சாம்பல் நிறக் குதிரையில் இருந்த ஒல்லி மனிதர் மட்டும் சிரிக்கவில்லை.

“யாரும்மா அந்த சென்தே?”

“இதோ நிக்கிறானே, எங்க அண்ணன்! எங்கப்பா ஓர்தாஸ் வாழ்கன்னு சொன்னாரு, சுட்டுட்டாங்க. கல்வான்னு சொல்லியிருந்தா வேற யாராவது சுட்டிருப்பாங்க. யார் வாழணும்னுதானே கேட்டீங்க? எனக்கு இவன்தான் வாழணும்!”

அந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார். கைக்குட்டையால் முகத்துப் புழுதியைத் துடைத்தார்.

“உங்கப்பா பேர் என்ன?”

“புரூடென்சியோ.”

“அவர் முகம்கூட எனக்குத் தெரியாதே” என்றார் அவர். பிறகு ஆட்கள் பக்கம் திரும்பினார். “பையனை விடுங்க.”

“ஜெனரல் ஓர்தாஸ், இவன் ஒற்றனா இருந்தா?”

“இருந்துட்டுப் போகட்டும். என் பேரைச் சொல்லிச் செத்தவங்க போதும்.”

சாபினா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் விளையாட்டில் ஆக ஆசைப்பட்ட ஓர்தாஸ் இவரா? அவருடைய சட்டை கிழிந்திருந்தது. குதிரை நொண்டியது.

அவர்களுக்குப் பசி. ஆடு வேண்டும் என்று கேட்டார்கள். சாபினா இருப்பதிலேயே கொழுத்த ஆட்டைப் பிடித்துக் கொடுத்தாள். மழைக்காலம் வருவதற்குள் ஓர்தாஸையும் கல்வான் ஆட்கள் ஒரு ரயில் நிலையத்தில் சுட்டுக் கொன்றார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அன்று குதிரைகள் போனதும் சென்தே ஆடுகளை எண்ணினான். அவன் முகம் சிவந்தது. ‘என் கொழுத்த ஆட்டை யாரைக் கேட்டுக் கொடுத்தாய்? அறிவிருக்கிறதா?’ என்று இரண்டு கைகளாலும் திட்டத் தொடங்கினான். மற்ற நாளாக இருந்தால் சாபினா இரண்டு மடங்கு திருப்பித் திட்டியிருப்பாள். இன்று அவன் கைகள் அசைவதையே பார்த்துக்கொண்டு, கண்களைத் துடைத்தபடி, முழுத் திட்டையும் வாங்கிக்கொண்டு நின்றாள்.