இடது கைக்குச் சிவப்பு

விடாமல் மழை பெய்த ஒரு பிற்பகலில், ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தில் இருந்த இ.சி.ஜி. அறையில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு ஜன்னல், ஒரு இரும்புக் கட்டில், பினாயிலோடு கலந்த ஈரத்துணி வாடை.

மூத்த நர்ஸ் சிரிக்கவில்லை. இந்தக் கட்டிலில் படுப்பவர்களுக்குக் கைக்கம்பிகளை மாற்றித்தான் மாட்ட வேண்டும் என்றாள். சிவப்பு இடது கைக்கு, மஞ்சள் வலது கைக்கு.

"அக்கா, படிக்கப் போன முதல் நாளே இது தப்புன்னு சொல்லிக் கொடுத்தாங்க."

"படிச்சவங்கதான் அவனைக் கொன்னாங்க."

முன்பு ஒரு லாரி டிரைவர் மூச்சு வாங்க வந்து இதில் படுத்தானாம். இ.சி.ஜி. தலைகீழாக வந்தது. அப்படி வந்தால் யாரும் இதயத்தைச் சந்தேகிப்பதில்லை, கம்பியைத்தான் சந்தேகிப்பார்கள். மாற்றி மாட்டினார்கள், கோடு அழகாக வந்தது. பிறகு நாடி அடங்கியபோது இடது மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, சத்தமில்லை என்று துணியால் மூடினார்கள். பிணவறையில்தான் காவலாளி பார்த்தார், துணிக்கடியில் வலது மார்பு துடிப்பதை. பிறவியிலேயே அவனுக்கு இதயம் வலப்பக்கம். டாக்டர்கள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அதுவும் நின்றுவிட்டது.

"அவன் இந்தக் கட்டிலை விட்டுப் போகலை. அவனை மாதிரியே தலைகீழாக் கோடு வந்தா, அடங்கிக் கிடக்கிறான். டாக்டர் அதைக் கவிழ்த்துப் படிச்சுக்குவார். நீ வாயை மூடிக்கிட்டு மாத்தி மாட்டு."

அவள் உதட்டைச் சுழித்தாள்.

அன்று மாலை, அவளைக் கூட்டிப்போக வந்த கணவர் மாடிப்படியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ரத்தக்குழாய் அடைப்பா இல்லையா என்று கோட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் போனில் டாக்டர். கவிழ்த்துப் படிக்கிற ஊகத்தை நம்பிக் கணவரின் உயிரை ஒப்படைக்க அவளுக்கு மனமில்லை.

சிவப்பை வலது கையிலேயே மாட்டினாள். நர்ஸ் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

"என் மனசு எப்பவோ உன்கிட்ட வந்தாச்சு," என்றார் கணவர், வியர்வையைத் துடைத்தபடி. "உள்ளே என்னத்தைத் தேடுற?"

இதயத்தின் வலது மேலறையின் உச்சியில் பிறந்த மின்துடிப்பு இடப்பக்கமாகக் கீழே இறங்க, காகிதத்தில் கோடு நிமிர்ந்து எழுந்தது. அடைப்பில்லை. அவளுக்கு மூச்சு வந்தது.

அப்போது டீசல் நாற்றம் அடித்தது.

கோடு கவிழ்ந்தது.

கம்பிகளைப் பார்த்தாள். சிவப்பு வலதில், மஞ்சள் இடதில். கைக்கம்பி மாறியிருந்தாலும் மார்பில் எடுக்கும் கோடுகள் கெடாது. இவையோ இடப்பக்கம் போகப்போகத் தேய்ந்து, கடைசியில் வெறும் நடுக்கமாகிவிட்டன.

"என்னங்க."

அவர் கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை.

இடது மார்பில் காது வைத்தாள். காலி வீடு போல இருந்தது.

வலது மார்பில் வைத்தாள்.

லப்... டப்.

அவள் பிடரியில் ஒரு கை அழுந்தியது. அவருடைய கைதான். அதில் அவருடைய சூடு இல்லை. உதடுகள் அசையவில்லை, குரல் விலா எலும்புகளுக்கு உள்ளிருந்து நேராக அவள் காதுக்குள் வந்தது.

"இப்பவாவது இந்தப் பக்கம் கேட்டீங்களே."

"அவர் எங்கே?" என்றாள்.

"என்னைப் போட்ட இடத்துல."

சுவரில் இருந்த போன் அடித்தது. கதவைத் திறந்து வந்த நர்ஸ் அதை எடுத்துக் கேட்டாள். பேசியது பிணவறைக் காவலாளி. குளிர்ப்பெட்டி எல்லாம் காலிதான், ஆனால் ஒன்றுக்குள்ளிருந்து யாரோ தட்டுகிறார்கள், திறக்கலாமா என்று கேட்கிறாராம்.

நர்ஸ் போனை நீட்டினாள். பிடரியை அழுத்திய கை அவளை விடவில்லை. நீட்டிய தூரத்திலிருந்தே அந்தத் தட்டல் கேட்டது.

தகரத்தில், விட்டு விட்டு, இரண்டிரண்டாக.

ஒவ்வொரு முறையும் முன்னைவிட மெதுவாக.